தகுந்த எதிராளி

பதிவு 1
2068 செப்டம்பர் 4, இரவு 10.50

நோக்கம்: 'ஏழு வரி' சீட்டாட்டத்தில் எதிராளியைச் சேர்த்துவிடும் முறை நேர்மையானதா என்று கண்டறிதல்.

தேவையானவை: பள்ளியில் கொடுத்த டேப், கைக்கடிகாரம், உயிரியல் செய்முறை நோட்டின் பின்பக்கம். டேப்பில் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் பள்ளிக்குப் போகிறது. அதனால் பேனாவில் எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு.

என் பெயர் ரெனிட்டா. கீழமுனைப்பட்டினம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் அவருக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திரையில் ஏழு வரிகள் கொண்ட கடல். ஒருவர் வள்ளம், மற்றவர் காவல். வள்ளக்காரர் இருபது சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டு அமைத்துக்கொண்டு வருவார். ஏழு வரிகளையும் கடந்து மீன் பிடித்துக் கரைக்குத் திரும்பினால் அவருக்கு வெற்றி. காவல்காரர் சீட்டுப் போட்டால் கடலில் ஒரு மிதவை விழிக்கும், வள்ளத்தை மறிக்கும். கரையோரப் பள்ளிகளில் தினமும் அரைமணி நேரம் இது கட்டாயம். அகமதிப்பெண் பத்து.

நோக்கியவை: எல்லோரும் வைத்திருக்கும் வேகக் கட்டோடு போனால் நான்கு நொடியில் எதிராளி வந்துவிடுகிறார். முப்பது ஆட்டங்களில் பதினாறு வெற்றி. யாரும் வைக்காத விசித்திரக் கட்டோடு போனால் நாற்பது நொடி ஆகிறது. முப்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றி. வருகிறவர், நான் எங்கே திரும்புவேன் என்று தெரிந்தவர் மாதிரி அங்கேயே மிதவையை வைக்கிறார்.

இது தற்செயல் இல்லை.


பதிவு 2
செப்டம்பர் 6, இரவு 11.15

எனக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தோழி உண்டு. மெர்வினா, வடக்கே இரண்டு ஊர் தள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு. நேரில் பார்த்ததில்லை. ஆட்டத்தில் அவள் பெயர் முரல், என் பெயர் கூனி. தரவரிசையில் அவள் எங்கோ மேலே. சந்தேகத்தைச் சொன்னேன்.

முரல்: "தோத்துட்டு ஆட்டத்தக் கொற சொல்லாதடி கூனி."

கூனி: "அறுபது ஆட்டம் எண்ணி எழுதி வச்சிருக்கேன். நீயும் ஒரு கிறுக்குக் கட்டு போட்டுப் பாரு."

அவள் பெரிய கப்பலின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும் கட்டை அமைத்தாள். கப்பல் கிளப்பும் நுரையில் சின்ன வள்ளம் மிதவைகளின் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் லியோன் சித்தப்பா கடலில் செய்வதும் இதைத்தான். பத்து ஆட்டம் ஆடினாள். பத்திலும் தோல்வி. காத்திருப்பு நாற்பத்தொரு நொடி, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு.

முரல்: "ஏய், நீ சொன்னது சரிதான். எவனோ நம்ம கையப் பாத்துட்டு வர்றான்."


பதிவு 3
செப்டம்பர் 9, இரவு 11.40

இன்று 'அப்பா கட்டு' அமைத்தேன்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கடலைக் கடக்க ஒரு வழி உண்டு. அதை அடுத்த வீட்டில் சொல்வதில்லை. பெண் கொடுத்த வீட்டில்கூடச் சொல்வதில்லை. பத்து மைலுக்கு உள்ளே மீன் செத்துப்போனதிலிருந்து எல்லோரும், கடலைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் மிதவை வேலியைத் தாண்டித்தான் பிழைக்கிறார்கள். அப்பாவின் வழி இது: பாறைத் திட்டுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். நீவாடு, அதாவது நீரோட்டம், வள்ளத்தை முதலில் வடக்கே, கரைப்பக்கமாகத் தள்ளும். பார்க்கிறவர்களுக்குக் கெட்டுப்போன வள்ளம் கரை ஒதுங்குவது போலத் தெரியும். பிறகு அதே நீவாடு கிழக்கே வளைந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும். சாப்பிடும்போது சித்தப்பாவிடம் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறேன்.

இருபது சீட்டுகளில் பதினான்கு நீவாடு. பைத்தியக்காரக் கட்டு.

நாற்பது நொடி ஆனது. இரண்டு நிமிடம். ஆறு நிமிடம். பிறகு திரையில் இது வந்தது:

"தகுந்த எதிராளி இல்லை. கிடைத்ததும் அழைக்கிறோம்."

ஆட ஆளில்லாமல் எப்படிச் சோதிப்பது? கட்டை முழுதாக எழுதி மெர்வினாவுக்கு அனுப்பினேன். எந்த இடத்தில் அணைக்க வேண்டும், எத்தனை சுற்று மிதக்க வேண்டும், எல்லாம். அவளைக் காவலாக வைத்து எட்டு ஆட்டம் ஆடினோம். ஐந்தாவது ஆட்டத்திலிருந்து அவள் என்னைத் தாண்ட விடவே இல்லை.

முரல்: "சூப்பர் கட்டுடி. எங்க புடிச்ச?"

என் சொந்த யோசனை என்று பொய் சொன்னேன்.


பதிவு 4
செப்டம்பர் 12, அதிகாலை 3.05

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. ஒரு மணிக்கு டேப் அதிர்ந்தது. இரவு அழைப்பை ஏற்றால் இரட்டை மதிப்பெண். எனக்குக் காவல் பக்கம் கிடைத்தது. எதிராளிக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு நிமிடம், பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நடுவில் இரண்டு கணக்கு போட்டு முடித்துவிட்டேன். "மெதுவான எதிராளி, பொறுமை காக்கவும்" என்றது திரை.

அவர் கப்பலின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்தப்பா எப்படிப் போவார் என்று எனக்குத் தெரியுமே. கப்பல் திரும்பும் இடத்தில் நுரை கலையும். அங்கே இரண்டு மிதவை வைத்தேன். மாட்டிக்கொண்டார். 2.48க்கு ஆட்டம் முடிந்தது.

"சிறப்பான ஆட்டம், கூனி!" நாற்பது இடம் மேலே போயிருக்கிறேன்.


பதிவு 5
செப்டம்பர் 12, இரவு 10.30

லியோன் சித்தப்பா கரைக்கு வரவில்லை.

நேற்று மாலை அப்பாவும் அவரும் தனித்தனி வள்ளத்தில் போனார்கள். முன்னறையில் இருக்கும் வயர்லெஸ் பெட்டியில் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் நான் சாப்பிட்டேன்.

"அண்ணே, மைனி என்ன கொழம்பு வச்சு விட்டுச்சு?"

"கெளுத்திடா. வேணுமுன்னா நீந்தி வா."

"ஒம்ம வள்ளத்துக்கு நீந்தி வாறதுக்கு நான் பட்டினியாவே கெடப்பேன். போன தடவ உப்பு அள்ளிக் கொட்டிருந்துச்சு."

அம்மா பெட்டியின் மைக்கை எடுத்து, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. நாளைக்குச் சோத்துக்கு இங்கதான வரணும்?" என்றாள்.

"ஐயோ மைனி! செட்டு கோளாறு, ஒண்ணுமே கேக்கல."

மிதவை வேலி தொடங்கும் பத்தாவது மைலில் எல்லோரும் பெட்டியை அணைத்துவிடுவார்கள். எரிந்துகொண்டிருந்தால் மிதவை மோப்பம் பிடித்துவிடும். பிறகு திரும்பிக் கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் குரல் வரும். அப்பா குரல் விடிகாலையில் வந்தது. சித்தப்பா குரல் வரவில்லை.

எட்டு மாதத்தில் பதினான்கு வள்ளங்கள் இப்படிப் போயிருக்கின்றன. விழித்த மிதவை எஞ்சினைக் கருக்கிவிடும். கம்பெனியின் ஆளில்லாக் கப்பல் வந்து வள்ளத்தை இழுத்துப் போகும். ஆட்கள் எங்கே என்று கேட்டால் 'விசாரணையில்' என்று ஒரு வரி. இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அழவில்லை. வயர்லெஸ் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.


பதிவு 6
செப்டம்பர் 13, இரவு 11.55

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னிக்கவும்.

மீனவர் சங்கத்துப் பலகையில் கம்பெனியின் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். சித்தப்பா வள்ளத்தின் எண். நிறுத்தப்பட்ட நேரம் 02.48.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை.

மெர்வினாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அவளது கப்பல் வால் கட்டைப் பத்து முறையும் தோற்கடித்தவர்கள் யார் என்று. மூன்று பேரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முரல்: "எல்லாம் எங்க ஊர்ப் பிள்ளைங்கதான். அவங்க அப்பாமாரெல்லாம் கப்பலுக்குப் பின்னாலதான் போவாங்க. ஏன் கேக்குற?"

பதில் போடவில்லை. இதையெல்லாம் டேப் படிக்கும்.

முடிவு: எங்கள் கட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விசித்திரக் கட்டு வந்தால், கரையோரப் பிள்ளைகளில் அந்த வழி தெரிந்த பிள்ளை யார் என்று கம்பெனி தேடுகிறது. அதற்குத்தான் நாற்பது நொடி. எல்லோரையும் போலப் போகிற வள்ளத்தை மிதவைகளே பிடித்துவிடும். விசித்திரமாகப் போகிற வள்ளத்துக்கு, அந்த வழி தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த வழி அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

கடலில் ஒரு வள்ளம் எட்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகுமோ, அதுதான் இரவு அழைப்பில் ஒரு சுற்று.

சித்தப்பாவை நிறுத்தியது நான்.


பதிவு 7
செப்டம்பர் 14, இரவு 9.40

சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்தேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மீன் முள் எடுத்துப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு அப்பாவைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று டியூஷனிலிருந்து ஓடி வந்தேன். வள்ளம் போய்விட்டிருந்தது. தம்பியைத் தேடி வேலிக்கு அந்தப் பக்கம் போகிறாராம்.

வயர்லெஸில் பிடித்தேன்.

"அப்பா, இன்னைக்கு வேணாம். திரும்பி வாங்க."

"ஏம்மா, என்ன?"

முன்னறையில் அம்மாவும் சித்தியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வயித்து வலி."

"அதுக்கு நான் வந்து என்ன பண்ண? அம்மாட்ட ஓமத்தண்ணி வாங்கிக் குடி. சித்தப்பனத் தேடாம வீட்ல கெடக்கச் சொல்றியா? பத்தாம் மைலு வந்துட்டு. செட்ட அணைக்கேன்."

அணைத்துவிட்டார்.


பதிவு 8
செப்டம்பர் 15, நள்ளிரவு 12.52

டேப் அதிர்ந்தது.

"தகுந்த எதிராளி கிடைத்துவிட்டார். காவல்: கூனி."

பெயரில்லாத வள்ளம் மூன்றாம் வரியில் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எஞ்சின் அணைந்திருக்கிறது. வடக்கே மிதக்கிறது.

ஏற்காமல் விட்டால்? கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: "ஏற்காவிட்டாலும், மூன்று சுற்றுகள் சரியாக ஆடாவிட்டாலும் ஆட்டம் கைமாறும்."

ஏற்றுக்கொண்டேன். அப்பா என் கையிலேயே இருக்கட்டும்.


1.20

ஒன்று தோன்றியது. நான் சீட்டுப் போட்டால் கடலில் நிஜமாக மிதவை விழிக்கும். அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும். அப்பா பார்ப்பார். மிதவை ஒரு மைலுக்குள் வந்தால்தான் எஞ்சின் கருகும். ஆகவே எல்லாவற்றையும் தூரத்தில், அவருக்கு முன்னால் மட்டும் வைக்க வேண்டும். பின்னால் ஒன்றுகூடக் கூடாது. அவரைக் கரைக்கு விரட்ட வேண்டும்.

ஐந்தாம் வரியில் ஒன்று வைத்தேன். பார்ப்பதற்கு நல்ல ஆட்டம் போலத்தான் இருக்கும்.


1.38

வள்ளம் நின்றிருக்கிறது. பார்த்துவிட்டார். இரண்டாவதைத் தெற்கே வைத்தேன். போங்கப்பா. வீட்டுக்குப் போங்க.


1.47

திரும்பவில்லை. சித்தப்பாவைத் தேடுகிறார். வடக்கே சுற்றி வரப் பார்க்கிறார். வடக்கே ஒன்று வைத்தேன். திரை மஞ்சளானது. "தாமதமான முடிவு. முதல் எச்சரிக்கை."


2.04

திரும்பிவிட்டார்! எஞ்சின் போட்டிருக்கிறார். மேற்கே, கரையைப் பார்த்து வருகிறார். மூன்றாம் வரி.

முன்னறையில் சித்தி இருமும் சத்தம் கேட்கிறது. இரண்டு பேரும் இன்னும் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சுற்றில் மறிக்கும் சீட்டு கையில் இருக்கிறது. ஆறாம் வரியில் போட்டேன். "இரண்டாம் எச்சரிக்கை."


2.13

இரண்டாம் வரிக்குள் நுழையப் போகிறார். இன்னும் இரண்டே சுற்று. ஒரு பொய்ச் சீட்டு, பார்க்க நல்லதாக, ஆனால் தொடாததாக. யோசிக்க முடியவில்லை. பக்கத்திலேயே வைத்தேன், ஒன்றரை மைல் இருக்கும், இருக்க வேண்டும். தொடவில்லை. வள்ளம் நகர்கிறது.

திரை சிவப்பு.

"நன்றி, கூனி. ஆட்டம் கைமாறுகிறது. தகுந்த எதிராளி தேடப்படுகிறார்."

வேறு யாருக்கும் தெரியாது. இந்த வழி தெரிந்தது என்னைத் தவிர


2.14

காவல்: முரல்.

நான் பார்வையாளராக இருக்கிறேன். எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. செய்திப் பெட்டி மட்டும் திறக்கிறது. அவள் போன் எண் என்னிடம் இல்லை. இரட்டை மதிப்பெண் என்று எழுந்து உட்கார்ந்திருப்பாள், பாவம்.

வள்ளம் இரண்டாம் வரியில். கரை விளக்கு தெரியும் தூரம்.

முரல் முதல் சீட்டை எடுத்துவிட்டாள். முதல் வரி மேல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில்.

கூனி: "போடாத"

கூனி: "மெர்வினா சீட்டுப் போடாத அது ஆட்டம் இல்ல அது எங்க அப்பா"

கூனி: "எங்க அப்பாடி"

"முரல் ஆட்டத்தில் இருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் உங்கள் செய்தி சேர்ப்பிக்கப்படும்."