கடைசிப் பதிவில் ரோஜாக் குடும்பம்

மார்ச் 4
அண்ணன் போன் செய்தான். அவன் குழுவின் பழைய ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பத்தை, இருபத்தெட்டு வருடம் கழித்து, மூன்று இசைத்தட்டுகளாக மறுபடி வெளியிடுகிறார்களாம். வெளிவராத ஒத்திகைப் பதிவுகளும் உண்டாம். விற்றதையே திரும்ப விற்கும் வழி என்றேன். "நீ திருந்தவே மாட்ட," என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 6
குழுவின் டிரம்மர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் போடாவிட்டால் வெளியீடே இல்லை. கடைசிப் பாட்டின் முதல் பதிவை அவர்தான் தொலைத்தார் என்று அன்று அண்ணன் கத்தியதில் குழுவே உடைந்தது. "முதல்ல அவன் மன்னிப்பு கேக்கட்டும்," என்கிறாராம். "செத்தாலும் கேக்க மாட்டேன்," என்கிறான் இவன். இரண்டு கிழடுகள்.

மார்ச் 10
என் கல்லூரிக் காலப் பெட்டியில் ஒரு கேசட். மேலே 'தாவரவியல் – 2', என் கையெழுத்து. நான் பாடம் நடத்தும் தாவரவியல் துறையின் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டேன். கிட்டார். டிரம்ஸ். அண்ணன் குரல். ஒன்றரை நிமிடம் — டக். "ரோஜாக் குடும்பம். ஆப்பிள், பேரி..." என் குரல்! பாடத்தைப் பேசிப் பதிந்து, நடந்தபடி கேட்டுப் படிப்பேன் அப்போது. கைக்கு அகப்பட்ட கேசட்டை எடுத்திருக்கிறேன். ஐயோ, அந்தப் பாட்டைத் தொலைத்தது நான்தானா?

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
இன்றும் இல்லை. கோழை.

மார்ச் 15
டிரம்மரின் பேக்கரிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மாவுக் கையோடு அப்படியே நின்றார். பிறகு சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை. "ஒத்திகையில மூலையில புத்தகமும் கையுமா உக்காந்திருப்பியே, நீயாம்மா? உங்கண்ணன்கிட்ட நீ சொல்லாத. நான் சொல்றேன். இந்தச் சந்தோஷத்தை விட்டுக்குடுப்பேனா?"

மார்ச் 16
அண்ணன் வீட்டில் டிரம்மர் விஷயத்தைச் சொல்ல, மூவரும் கேசட்டைக் கேட்டோம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மன்னிச்சிடுடா," என்றான் தரையைப் பார்த்து. அடுத்த நொடியே, "ஆனா ரெண்டாவது வரியில நீ தாளத்துல ஓடுற."
"நீதான்டா இழுக்குற!"
பழையபடி சண்டை. நடுவிலேயே கையெழுத்தும் ஆனது.
"தட்டுல போடும்போது என் பேச்சை வெட்டிடுங்க," என்றேன்.
"முடியாது," இருவரும் ஒரே குரலில். இதிலாவது தாளம் சேர்ந்தது.

ஆகஸ்ட் 22
இசைத்தட்டுப் பெட்டி வந்தது. மூன்றாவது தட்டு, கடைசிப் பதிவு: பாட்டு ஒன்றரை நிமிடம், ரோஜாக் குடும்பம் நான்கு நிமிடம். 'குரல்: தங்கச்சி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டேன். மாதுளையையும் ரோஜாக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறேன்! இதே தப்புக்கு எத்தனை மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன். இனித் திருத்த வழியில்லை.
இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.