செத்துப்போனவர் கேட்ட கேள்விகள்

அப்பா,

நேற்றுப் பின்னேரம் கிரவீனில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் உங்கள் தொலைக்காட்சியைப் போட்டேன். படம் வருவதற்கு முன்னரே மணம் வந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் படிந்த தூசி சூடேறிக் கருகும் மணம். அம்மா குசினியில் உங்கள் கோப்பைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆர் அதைப் போட்டது? நிப்பாட்டு!" என்று அங்கிருந்தே கத்தினார். நான் நிப்பாட்டவில்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை என்று என்மேல் இதுவரை ஒருவரும் பழி போட்டதில்லை.

மணி ஆறரை.

அந்த இங்கிலாந்துக் கேள்விப் போட்டி இன்னும் போகிறது, அப்பா. அதே கறுப்புக் கோட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய அதே தலை, பிழையான விடைக்கு அடிக்கும் அதே மணி. நீங்கள்தான் இல்லை. பென்டில் ஹில் ரயில் நிலையப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த அங்கிள்மார் எல்லாரும் உங்களைத் தங்கமான மனுசன் என்றார்கள். தங்கத்தைத்தானே அடிப்பார்கள், தங்கம் எப்படி அங்கிள் அடிக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் எல்லாரும் கலர்ப் பெட்டிக்கு மாறிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை ஆட்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒன்றை நீங்கள் தோளில் சுமந்துகொண்டு வந்தீர்கள். எங்கள் சொந்த ஊரில் நாங்கள் அறிந்தது ரேடியோ மட்டும். ரேடியோவில் ஒருவர் கேள்வி கேட்டால், அந்த நேரத்தில் அவர் கொழும்பில் இருந்து கேட்கிறார் என்று அர்த்தம். அதே கணக்கில், இந்தக் கறுப்புக் கோட்டுக்காரரும் லண்டனில் அந்த நேரமே இருந்து கேட்கிறார் என்று நம்பினீர்கள்.

"லண்டனிலை இப்ப காலமை. வெள்ளைக்காரன் விடியவே எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்து போட்டியிலை நிக்கிறான், பாத்தியே பிள்ளை?"

நீங்களும் தொழிற்சாலையால் வந்து முகம் கழுவி, தலை இழுத்து, தோய்த்த சேர்ட் போட்டு, கதிரையை அந்தப் பெட்டிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பீர்கள். பகல் முழுக்கத் தகரப் பேணிகளுக்கு நடுவே உங்களைச் 'சாம்' என்று கூப்பிட்டவர்களுக்கு, நீங்கள் கொழும்பில் கணக்காளராக இருந்தவர் என்பது தெரியாது. பள்ளிக்கூடத்தில் பொது அறிவுக்குக் கோப்பை வாங்கியவர் என்பதும் தெரியாது. கறுப்புக் கோட்டுக்காரருக்கு மட்டும் தெரியும் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

விடை சரியானால் வீடு வேறு வீடு. தொடையில் தட்டுவீர்கள். "வெண்டிட்டன்! ஒக்ஸ்போர்டிலை படிச்சவனை வெண்டிட்டன்!" என் கையைப் பிடித்து மேலே தூக்குவீர்கள், குத்துச்சண்டையில் வென்றவனின் கையைத் தூக்குவதுபோல. அம்மாவிடம் தேத்தண்ணி கேட்கும் குரலில்கூடச் சீனி இருக்கும்.

விடை பிழைத்தால் அதே கை. கொதிக்கும் தேத்தண்ணி சுவரில் வழியும். இடுப்புப்பட்டி காற்சட்டையிலிருந்து உருவப்படும் சத்தத்தை நான் நித்திரையிலும் கண்டுபிடிப்பேன். அம்மா கண்ணாடி வளையல் போடுவதை நிறுத்தியது ஏன் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா? உடைந்தால் மணிக்கட்டில் ஏறும், அதனால்தான். 'அடிக்கடி' என்ற சொல்லை முதலில் உண்டாக்கியவர் எங்கள் வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்திருக்கவேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. என்னை நீங்கள் தொட்டதில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்ததில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்கு எனக்குக் கிடைத்த நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டோரிஸ் அன்ரிதான் எனக்கு வழி காட்டினார். வழி காட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போய் பிஸ்கட் தின்பேன். செத்துப்போன அவருடைய புருசன், தூரத்து நியூகாசில் தொலைக்காட்சி நிலையத்தில் குதிரை ஓட்டம் பார்ப்பதற்காகத் தென்னை உயரத்தில் ஒரு அன்ரனா நட்டுவிட்டுப் போயிருந்தார். ஒருநாள் நாலரைக்கு அந்த நிலையத்தைத் திருப்பினால், மழை பெய்வதுபோன்ற படத்துக்குள் உங்கள் கறுப்புக் கோட்டுக்காரர்! அடுத்த நாள் ஆறரைக்கு எங்கள் வீட்டுப் பெட்டியில் அதே ஆட்கள், அதே கேள்விகள், அதே பிழைகள். அந்த நிலையம் எங்களை ஒரு நாள் முந்திக்கொண்டு போட்டது.

"இது பழசு, டார்லிங்" என்றார் டோரிஸ் அன்ரி. "திருப்பித் திருப்பிப் போடுறாங்கள். இந்த மனுசன் செத்து எத்தனையோ வருசம்."

நான் பிஸ்கட்டைக் கீழே வைத்தேன். நாளைக்கு அம்மாவுக்கு அடி விழுமா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தால் மாற்றவும் முடியும்.

அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்தில் செய்த குறும்புகள் எல்லாம் சிறு பிள்ளை விளையாட்டாகிவிட்டன. வாத்தியாரின் கதிரையில் பசை பூசுவது யாராலும் முடியும். தகப்பனுடைய தலைக்குள் அவருக்கே தெரியாமல் விடைகளை வைத்துவிடுவதற்குக் கொஞ்சம் திறமை வேண்டும். நீங்கள் சப்பாத்துக் கழற்றும் நேரம் பார்த்து வேலியில் நின்று டோரிஸ் அன்ரியின் பூனையை "ரெய்க்யவிக்! ரெய்க்யவிக்! இஞ்சை வா!" என்று கூப்பிடுவேன். அந்தப் பூனையின் பெயர் பெர்ட். அது திரும்பிப் பார்த்ததே இல்லை. அடுத்த நாள் ஐஸ்லாந்தின் தலைநகர் எது என்று கறுப்புக் கோட்டுக்காரர் கேட்டதும் நீங்கள் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி, "ரெய்க்யவிக்!" என்று கத்தினீர்கள். பிறகு நெற்றியைச் சுருக்கி, "இது எனக்கு எங்கையோ படிச்ச ஞாபகம்" என்றீர்கள். நான் சிரிப்பை அடக்கக் கழிப்பறைக்கு ஓடினேன்.

மற்றவற்றைக் குசினியில் அம்மாவுக்குச் சொல்வதுபோல உரத்துச் சொல்வேன். "அம்மா, படுத்துக்கொண்டு சுத்திற கிரகம் யுரேனஸ் எண்டு ரீச்சர் சொன்னவ." "அப்பிடியே? அந்த உப்பை எடு" என்பார் அம்மா. உங்கள் காதில் விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நடுவே இன்னொரு சோடிக் காதுகள் இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கடைசி மாலை நீங்கள் பிந்தி வந்தீர்கள். யாரோ தொழிற்சாலையில் எல்லாருக்கும் முன்னால் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கிறான். பிறகுதான் தெரிய வந்தது. நீங்கள் முகம்கூடக் கழுவாமல் கதிரையில் விழுந்தீர்கள். நான் காலையில் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறியிருக்கவில்லை. முதல் கேள்வி பிழைத்தது. இரண்டாவதும் பிழைத்தது. உங்கள் கை கோப்பையின் காதைப் பிடித்த பிடியில் விரல் முட்டுகள் வெளுத்தன.

மூன்றாவது கேள்வி, அறையின் சூட்டில் திரவமாக இருக்கும் உலோகம் எது?

குசினி வாசலில் இருந்து மெல்லிய குரலில் வந்தது: "பாதரசம்."

அம்மா. கையில் அகப்பை.

அது உதவி என்று நான் இன்றும் நம்புகிறேன். அடி விழுவதற்கு முன் உங்கள் கையில் ஒரு விடையைத் திணித்துவிடப் பார்த்தார். நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும், எப்படியும் விழத்தான் போகிறது என்று. அடுத்த கேள்வி வந்ததும் குரலை உயர்த்தினார்.

"பனாமாக் கால்வாய்."

அது உதவி இல்லை.

"இஸ்தான்புல்" என்றார் அடுத்ததற்கு, உங்களைப் பார்த்தபடியே.

நீங்கள் எழும்பியது எனக்குத் தெரியவில்லை. கோப்பை உடைந்தது தெரிந்தது. அம்மாவின் கொண்டை உங்கள் கையில் இருந்தது. "ஆரடி உனக்குச் சொல்லித் தந்தது? எனக்கு முன்னாலை வாய் திறப்பியோ?" ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய தலை சுவரில் மோதியது. எங்கள் வீட்டுச் சுவர் பைப்ரோ என்கிற மெல்லிய சிமெந்துத் தகடு. மூன்றாம் முறை அது உள்ளே போயிற்று. அம்மா கத்தவில்லை. அந்தப் பெட்டிக்குள் ஆட்கள் கைதட்டினார்கள்.

என்னிடம் அடிப்பதற்கு இருந்தது வாய் மட்டும். அதால் அடித்தேன்.

"விடுங்கோ அவவை! நான்தான் சொல்லிக் குடுத்தனான்! உங்களுக்கும் நான்தான்! ஒரு வருசமா நீங்கள் வெண்டதெல்லாம் நான் தந்தது! அது லண்டனும் இல்லை, இப்பவும் இல்லை! எல்லாம் பழைய படம்! அந்த மனுசன் எப்பவோ செத்துப்போனான்!"

உங்கள் கை அம்மாவை விட்டது. நான் நினைத்ததைவிடப் பெரிய அடிதான். பிறகு இடுப்புப்பட்டி உருவப்பட்ட சத்தம், முதன்முதலாக என் பக்கமாக. முதல் அடி இடது தோளில் விழுந்தது. பட்டியின் கொளுக்கி கழுத்தெலும்பில் பட்டது. இரண்டாவதற்குக் கை ஓங்கிய நேரம் குசினியிலிருந்து இரும்புத் தாச்சிச் சட்டி பறந்து வந்தது.

அம்மா குறி வைத்தது உங்கள் தலைக்கு. அதைப் பிறகு அவரே சொன்னார், வெட்கப்படாமல். உங்கள் காதைத் தாண்டிப் போய் அது கறுப்புக் கோட்டுக்காரரின் முகத்தில் இறங்கியது. பெட்டி குண்டு மாதிரி வெடித்தது. கண்ணாடி அறையெல்லாம் பறந்தது. பிறகு தூசி கருகும் மணம், உங்கள் முழங்காலுக்குக் கீழே வடிந்த இரத்தம்.

"இனி என்ரை பிள்ளையிலை கை வச்சால்," என்றார் அம்மா, தலைமயிர் முகத்தில் விழ, கையில் தேங்காய்த் திருவலையோடு, "நான் பிழையாக் குறி வைக்க மாட்டன்."

டோரிஸ் அன்ரி செத்துப்போன புருசனுடைய கிரிக்கெட் மட்டையோடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் வெளியே போனோம். அம்மாவின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது.

நானும் அம்மாவும் பிறகு குடிபோன நார்த்மீட் பிளாற்றுக்கு நீங்கள் ஒரு தடவை வந்தீர்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை. நான் சங்கிலி போட்ட இடைவெளியால் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, அதற்கு என்ன நக்கல் சொல்லலாம் என்று ஆயத்தமாக நின்றேன்.

"பிள்ளை, அந்த மனுசன் உண்மையாவே செத்தவரோ?"

"ஓம். நீங்கள் பாக்கத் துவங்க முன்னமே."

தலையாட்டினீர்கள். "சரி. அப்ப நான் போட்டு வாறன்." படியிறங்கிப் போனீர்கள்.

நேற்று வீட்டை ஒதுக்க வந்தபோது, சுவரில் அந்த ஓட்டை இருந்த இடத்தில் ஒரு கலண்டர் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். நீங்கள் அதை அடைக்கவில்லை.

டோரிஸ் அன்ரி வேலியால் கூப்பிட்டார். "கூரையைப் பாத்தியா?" பார்த்தேன். அவருடையதைப் போலவே உயரமான அன்ரனா, நியூகாசில் பக்கம் திரும்பியபடி. நீங்களே ஏறிக் கட்டினீர்களாம். யாரோ வீட்டு வாசலில் கிடந்த இன்னொரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைத் தூக்கி வந்தீர்களாம். இரவு வேலைக்கு மாறியபின் நாலரைக்கு நாளைய போட்டியைச் சத்தமில்லாமல் பார்ப்பீர்களாம். அடுத்த நாள் ஆறரைக்கு, வேலைக்குப் புறப்பட முன், அதையே திரும்பவும் பார்ப்பீர்களாம். "அப்ப சொல்லுற விடை முழுக்க ரோட்டுக்குக் கேக்கும். ஒண்டும் பிழைக்காது. தனிய இருந்து கை தட்டுவார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். சிரிப்போடு கோபமும் வந்தது, அந்த அன்ரனாவைப் பிடுங்கி எறியும் அளவுக்கு. ஒரு கேள்வி பிழைப்பதையும் தாங்க முடியாமல்தான் எங்களை உடைத்தீர்கள். ஒன்றும் பிழைக்காத ஒரு போட்டிக்காக, அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறீர்கள். அடிக்க ஒருவரும் இல்லாத வீட்டில், அடி விழாமல் இருக்க விடை படித்தீர்கள். யாருக்காக, அப்பா?

நேற்று ஆறரைக்குக் கறுப்புக் கோட்டுக்காரர் முதல் கேள்வியைக் கேட்டார். மனித உடலில் மிக நீளமான எலும்பு எது? உங்கள் கதிரையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் குசினியில் பேப்பர் சரசரப்பு நின்றது. அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"தொடை எலும்பு!" என்று வீடெல்லாம் கேட்கக் கத்தினேன்.

கொஞ்சம் பொறுத்துப் பேப்பர் சத்தம் மறுபடி தொடங்கியது. அப்போதுதான் பார்த்தேன், என் இடது தோள் காதோடு முட்டிக்கொண்டு நிற்பதை.

விடை சரி, அப்பா. தோளை இறக்கத்தான் நேரம் எடுத்தது.