நாற்பதில் நின்றுபோன ஊசி

அடியே,

இன்று காலை காபித் தம்ளரை வாய்க்கு அருகே கொண்டுபோனால் கிரீஸ் வாசம் அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். சீயக்காய் வைத்தும் தேய்த்தாயிற்று. நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருக்கிறது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. நேற்று மறுபடி கழன்றுகொண்ட உன் வண்டியின் மீட்டர் கேபிளை நானே முறுக்கி மாட்டியதன் பலன் இது. இந்த வயதில் எனக்கு இது தேவையா, சொல்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் உன்னை நினைத்து அழுததைவிட, உன் வண்டியை நினைத்துப் பல்லைக் கடித்ததுதான் அதிகம்.

மயிலாப்பூரில் ஒரே தெரு, நந்தனத்தில் ஒரே அலுவலகம். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருந்த என்னை, "ஏறுடி, இனிமே என்கூடத்தான்" என்று உன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றினாய். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நீ கிக்கரை உதைக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். உனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எனக்குத்தான் உயிர் போகும். ஒரு பக்கமாக உட்கார்ந்து, உன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லஸ் முனையில் ஆரம்பித்து ஆழ்வார்பேட்டை தாண்டி நந்தனம் சிக்னல் வரை, "மெதுவா போடி, மெதுவா போடி" என்று கத்திக்கொண்டே வருவேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் வேகம் காட்டும் ஊசி நாற்பதில் நிற்கும். பறந்தாலும் நாற்பது. டீக்கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாலும் நாற்பது. பக்கத்தில் இருந்த சின்ன மீட்டர், பாட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட வேண்டியது, அதுவும் இறங்குகிற பக்கமே சாய்ந்து கிடக்கும்.

"மீட்டரை ரிப்பேர் பண்ணேண்டி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "ரோட்டப் பாக்கறது என் வேலை. நீ கடைய வேடிக்கை பாத்துட்டு வா" என்பாய். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஒருநாள் அடையாறுக்குப் போனபோது சிக்னலில் ஒரு போலீஸ்காரர் நம்மை நிறுத்தியது நினைவிருக்கிறதா? வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர் மீட்டரில் கண்ணை வைத்தார்.

"இன்னாமா, நிக்கிற வண்டில நாப்பது காட்டுது?"

"அது ஸ்பீடு இல்ல சார். என் வயசு."

அவர் சிரித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. அன்று வீடு வரும்வரை உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்படியே போய்விட்டாய். அதைப் பற்றி எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனால், வாசலில் ஒரு இளைஞர் உன் வண்டியை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். அடையாறில் காபிக் கடை திறக்கிறாராம். வண்டியைச் சுவரில் மாட்டி, சீட்டின் மேல் பூந்தொட்டி வைத்து, கீழே சின்னதாக விளக்குப் போடுவாராம். உன் வீட்டுக்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"ஓடுற வண்டிய எதுக்குங்க சுவத்துல மாட்டணும்?" என்றேன்.

"யாரு ஓட்டப்போறாங்க ஆன்ட்டி? நீங்களா?"

அந்த 'ஆன்ட்டி'யில் இருந்த சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே புரிந்தது. உன் வீட்டுக்காரர் அதற்கும் தலையை ஆட்டி, உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவருக்கும் வண்டி சுவருக்குப் போவதில் விருப்பமில்லை.

டிரைவிங் ஸ்கூலில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கியர் மாற்றத் தெரியாமல் நடுரோட்டில் நின்றேன். ஆட்டோக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எப்படியோ லைசன்ஸ் வந்துவிட்டது. உன் வண்டியின் கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்காலுக்குக் கீழே பச்சையாகக் கன்றிப்போய் ஒரு வாரம் நொண்டினேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். வேகம் தெரியாமல் மட்டும் ஓட்ட மாட்டேன் என்று இருந்துவிட்டேன். நான் உன்னைப் போல இல்லை. எனக்கு எண் தெரிய வேண்டும்.

கபாலி கோயில் பக்கத்துச் சந்தில் நீ வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் பாயிடம் போனேன். "மீட்டரா? தூக்கிக் கடாசும்மா. டிஜிட்டல் போட்டுக்கலாம், ஜம்முனு இருக்கும்" என்றார். டிஜிட்டல் வேண்டாம், பழைய மாதிரியே இருக்கட்டும் என்றதும், புதுப்பேட்டையில் ஒரு நகலை வாங்கிவந்து மாட்டினார். ஊசி நிற்கவே இல்லை. இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே தலையாட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மழைதான் பெய்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. சின்ன மீட்டர் மட்டும் தப்பியது. பழையது உள்ளே கருகிப்போயிருந்ததால் அதற்குப் பதில் போட்டது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது.

"பாய், பழசையே பிரிங்க" என்றேன்.

"பிரிக்கிறது பெரிசில்ல. அப்பால திருப்பி மூடணும்ல?" என்று முனகிக்கொண்டே ஓரத்து வளையத்தை நெம்பினார். மூடி கழன்றதும் ஒரு சிக்குப் பிடித்த வாசனை வந்தது. பாய் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாமா இது, மீட்டரா மண்டையா? தேங்காண்ணெய் தடவி வச்சிக்கீறாங்க!"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கேபிள் கிறீச்சிடுகிறது என்று, அலுவலக வாசலில் நின்று, கைப்பையிலிருந்து தலைக்குத் தடவும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கேபிளுக்குள் ஊற்றுவாயே, அதுதான். அந்த எண்ணெய் கேபிள் வழியே மேலே ஏறி, உள்ளே காந்தத்தையும் ஊசி பொருத்திய கிண்ணத்தையும் சேர்த்துப் பிசின் மாதிரி ஒட்டவைத்திருக்கிறது. ஊரெல்லாம் மெக்கானிக் இருக்கும்போது உன்னை யாரடி ஊற்றச் சொன்னது?

பாய் பிரித்ததோடு சரி. எப்போது போனாலும், "நாளிக்கு வாம்மா" என்பார். நாளைக்குப் போனால் கடை சாத்தியிருக்கும். ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டு, நீ ஊற்றிய எண்ணெயை நான் துடைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது பாய்க்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது போல. அன்றே கோத்துக் கொடுத்தார். அவசரத்தில் உள்ளே இருந்த மயிரிழை ஸ்பிரிங்கைத் தப்பாக முறுக்கிவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலே அறுபது காட்டியது. தெருவே சிரித்தது. மறுபடி பிரித்தார், மறுபடி கோத்தார். கடைசியில் கைபேசியில் வேகம் பார்த்துக்கொண்டு அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"கரீக்டா கீது. எனுக்குத் தெரியும்மா, முதல்லயே சொன்னேன்ல?" என்றார். அவர் முதலில் சொன்னது தூக்கிக் கடாசு என்பதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து, சாந்தோம் சாலையில் ஓட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். ஒரு கட்டத்தில் தலைப்பு படபடத்தது, காது மடல் குளிர்ந்தது, எஞ்சின் சத்தம் உன் பின்னால் உட்கார்ந்து கேட்ட அதே சத்தமாக மாறியது. அதே பயம். "மெதுவா போடி" என்று வாய்வரை வந்துவிட்டது. ஐயோ, எவ்வளவு வேகத்தில் போகிறோமோ என்று குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

ஊசி முப்பதைக்கூடத் தொடவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். கைபேசியை வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினேன். அதேதான். அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போய், உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அவ எவ்வளவு வேகமா ஓட்டுவா?"

"தனியாப் போனா பறப்பா. நானே பயந்து ஏற மாட்டேன்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "உங்கள ஏத்திக்கிட்டா மட்டும் உருட்டுவா. மீட்டர சரி பண்ணச் சொல்லி நானும் சொன்னேன், கோமதி. 'முப்பதுக்கே கத்துறோம்னு தெரிஞ்சா அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடும், வேணாம்'னு விட்டுட்டா."

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? நீ ஊரறிந்த முரடி. அலுவலகத்தில் அத்தனை பேரிடமும் உன் வேகத்தைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உன்னைக் கேலி செய்வார்கள். ஒருநாளாவது, "இல்லை, இவள்தான் பயந்தாங்கொள்ளி" என்று சொல்லியிருக்கலாமே? அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு, காலை மாலை என்னை உருட்டிக்கொண்டு போய், உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். உன்னோடு சண்டை போடக்கூட இப்போது வழியில்லை. திரும்பவும் சாந்தோம் கடற்கரைக்கே வந்து, வண்டிமேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். மீன் வாங்க வந்தவர்கள் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்காரருக்கு அடையாறில் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை என்று வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏறுங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு வராதே, ஏறிவிட்டார். கிரீன்வேஸ் சாலையில் திரும்புவதற்குள், பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் போறீங்களா?"

ஊசியைப் பார்த்தேன். இருபத்தைந்து.

"சரிங்க, கொஞ்சம் வேகமாத்தான் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினேன்.