முகாமுக்குப் போகும் நாலாவது கார்

என்னங்க, கார் சாவியைத் தேடாதீங்க, என்கிட்டதான் இருக்கு.

சாரணியர் முகாமுக்கு யார் கார்ல எந்தப் பிள்ளைங்கன்னு ஒரு மாசமா ஏற்பாடு பண்ணது நான். நேத்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல, "அஸ்ஃபியாவுக்கு மெயின் ரோட்டுல ஓட்டப் பயம்"னு என்னைக் கேக்காமலே போட்டது நீங்க. இப்போ நாலாவது கார் ஓட்ட வேண்டிய அப்பா வரலைன்னுட்டார். நம்ம பொண்ணோட சேர்த்து நாலு பேர் பையும் கையுமா நிக்குதுங்க. ஆமா, பயம்தான். பயந்துகிட்டே முகாம் நடக்குற கனகசெட்டிக்குளம் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன்.

நீங்க போட்டதை அழிக்க வேணாம். அதுக்குக் கீழேயே, "ஓட்டிட்டுப் போயிட்டா"ன்னு போடுங்க.

அஸ்ஃபியா

கோவம் அப்படியேதான் இருக்கு. மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டுக்குங்க.

மதியம் வந்துடுவேன், கேட்டை முழுசாத் திறந்து வைங்க. தைரியம் முன்னாடி போறதுக்குத்தான் வந்திருக்கு, ரிவர்ஸுக்கு இன்னும் வரலை.