படகில் மாட்டிய கார் ஸ்டீரியோ

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் மீன்பிடிப் படகில் ஒரு பழைய கார் ஸ்டீரியோவை மாட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் எத்தனை கார் பார்த்தவன் என்ற தெனாவெட்டில், கறுப்பு ஒயரைப் பக்கத்து போல்ட்டில் முடுக்கிவிட்டேன். பெட்டி வாயே திறக்கவில்லை. "நீயெல்லாம் மெக்கானிக்கா?" என்று படகை ஓட்டும் டிரைவர் அண்ணன் கிண்டலடித்தார். அப்புறம்தான் உறைத்தது: காருக்கு இரும்பு உடம்பு, எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும், படகு வெறும் ஃபைபர். ஒயரை பேட்டரி வரைக்கும் இழுத்ததும் உயிர் வந்தது.

பாப்பாவின் குரலைப் பதிந்து நீ அனுப்பிய பென்டிரைவைச் செருகினேன். "அப்பா, எப்ப வருவீங்க?" என்றாள் பாப்பா. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னொரு தடவ போடுப்பா," என்றார் டிரைவர் அண்ணன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பனியனும் தலைவலித் தைலமும் அனுப்பு. பாப்பாவை மறுபடி பேசவைத்துப் பதிந்து அனுப்பு. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததில் குரல் மாறியிருக்கும். எஞ்சினைப் போட்டுவிட்டார்கள், முடிக்கிறேன்.

அந்தக் கேள்வியை மட்டும் கேட்க விடாதே. ஊரை விட்டு இங்கே வந்த ஒருத்தரிடமும் அதற்குப் பதில் இல்லை.

பாப்பாவின் அப்பா