துண்டுக்கு அடியில் இருந்த கை

ஊரில் யாருக்கும் பயப்படாத என் அக்கா தனத்துக்கு,

உன் வருஷ நினைவு நாளுக்குப் படம் போட்டு நாலு வரி அச்சடிக்கலாம் என்றுதான் அச்சாபீசுக்குப் போனேன். நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் கடிதமாகவே எழுதிக் கொடுக்கிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். அதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன். ஒரே ஒரு காரணத்துக்காக நான் எந்தச் செலவையும் செய்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியாதா?

பயமாக இருக்கிறது அக்கா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் வனஜா வக்கீல் குமாஸ்தா வேலை பழகுகிறாள்.

பிளஸ் டூ முடித்து, டைப்பிங்கும் பாஸ் செய்த பெண். என் மண்டியிலேயே உட்காரு, சம்பளம் நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் நீ வறுத்துக் கொடுக்க நான் கூவி விற்ற மல்லாட்டைதான் இன்றைக்கு வேர்க்கடலை மண்டியாக நிற்கிறது. அதில் அவளுக்குப் பங்கில்லையா?

"கோர்ட்டுல பொம்பள புள்ளைங்க டைப் அடிக்குதுங்க, சரி. கேஸ் கட்டத் தூக்கிக்கினு அலையற வேலை உனக்கு எதுக்குடி?" என்றேன்.

"எங்கம்மா பேரைக் கூப்பிட்டப்ப ஒரு குமாஸ்தா பக்கத்துல இருந்திருந்தா போதும் மாமா" என்றாள். உன் கேஸைத்தான் சொன்னாள்.

உன் வீட்டுக்காரர் செத்த பிறகு அவர் வீட்டாரிடம் பங்கு கேட்டு நீ போட்ட கேஸ் அது. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வேப்பமரத்தடியில் நின்றாய். டவாலி உன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், உனக்குக் கேட்கவில்லை. வக்கீல் வேறு ஊர் கோர்ட்டில் இருந்தார், அவருடைய குமாஸ்தா டீக்கடையில் இருந்தார். நீ ஆஜராகவில்லை என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள். அது தெரியாமல் சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருந்தாய். "கூப்பிடவே இல்லடா, கூப்பிடவே இல்லடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாமாம். அதையும் இப்போதுதான் வனஜா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிராதில் எங்கே ஸ்டாம்பு ஒட்டுவது, கேஸ் கட்டை எப்படி மடித்து ஊசி நூலால் தைப்பது, எந்த மனு எந்த மேஜைக்குப் போகும் என்றெல்லாம் கற்றுக்கொள்கிறாள். கோணி தைக்கிற ஊசியை மண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறாள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. நான் பயந்தது சம்மனுக்கு.

நம்மிடம் மல்லாட்டைக் கொட்டை எடுக்கிற எண்ணெய் மில் முதலாளியை உனக்குத் தெரியும். பெயர் போடவில்லை, செஞ்சியில் போடத் தேவையும் இல்லை. அவருடைய தம்பி செத்துவிட்டார். தம்பி மனைவி பங்கு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறாள், உன்னைப் போலவே. கேஸ் வனஜா பழகுகிற ஆபீசில். சம்மன் எடுத்துக்கொண்டு கோர்ட்டு அமீனா எப்போது போனாலும் "ஐயா ஊருல இல்ல" என்று மில் வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். அமீனா புதிதாக மாற்றலாகி வந்தவர், முதலாளியின் முகம் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யார் விரல் நீட்டுவார்கள்? இந்த மாதிரி நேரத்தில் கூடப் போய் ஆளை அடையாளம் காட்டுவது குமாஸ்தா வேலையாம்.

"வேற ஆள அனுப்பச் சொல்லுடி."

"அடையாளம் காட்டறது எங்க வேலை மாமா."

"உங்க வேலைன்னா உங்க வக்கீலு போவட்டும்."

"அவருக்குக் கோர்ட்டு இருக்குது."

"எனக்கு மண்டி இருக்குதே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மூட்டைகளில் முக்கால்வாசி அந்த மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்காக மட்டும் பயந்தேன் என்று உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

சந்தை நாளில் மில் முதலாளி மண்டிக்கு வந்தார். கொட்டையை உடைத்து வாயில் போட்டு மென்றார். பிறகு வழக்கம்போல என் வலது கையைப் பிடித்தார், மேலே துண்டைப் போட்டார். சுற்றி நிற்கிற குடியானவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடு. ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இன்னொன்றைச் சேர்த்துப் பிடித்தால் அதற்கு மேல். பேரம் படிகிறவரை கையை எடுக்கக்கூடாது. அவர் என் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் ஏற மறுத்தார்.

அப்போதுதான் வனஜா உள்ளே வந்தாள், பின்னாலேயே அமீனா. முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் சந்தை நாளில் மண்டியில் இருப்பார் என்று என் வீட்டில் சாப்பிடுகிற பெண்ணுக்குத் தெரியாதா?

"இவர்தான்" என்றாள்.

மில் முதலாளி நிதானமாகச் சிரித்தார். "யாரும்மா நீ? முதலாளி மெட்ராஸ் போயிருக்காரு. நான் அவரு கணக்குப்பிள்ளை."

மண்டியில் இருந்த எல்லோரும் மூட்டைகளைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது? நல்லாப் பாத்துச் சொல்லு. ஆள் மாத்திக் குடுத்தா என் வேலை போயிடும்" என்றார் அமீனா.

"பாத்துத்தான் சொல்றேன். இவர்தான்" என்றாள் வனஜா.

அமீனா என் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்கதான் கையப் புடிச்சிக்கினு இருக்கீங்களே, இவரு யாரு?"

துண்டுக்கு அடியில் மில் முதலாளியின் பிடி மாறியது அக்கா. ஒரு விரல் இரண்டாயிற்று. மூன்றாயிற்று. கடைசியில் என் கை முழுவதும் அவர் கைக்குள் இருந்தது. அந்த விலையை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. முகத்தில் அதே சிரிப்பு.

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வனஜாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமா சொல்லுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தனக்கு யாரும் இல்லை என்பது மாதிரி நின்றாள். மரத்தடியில் நீ அப்படித்தான் நின்றிருப்பாய், இல்லையா?

இடது கையால் துண்டை உருவினேன். மோதிரம் போட்ட அவர் கையும், அதற்குள் இருந்த என் கையும் எல்லோருக்கும் தெரிந்தன.

"மில்லு மொதலாளிதான். கொட்டைக்கு வெலை பேச அவரு வேற ஆள அனுப்பினதே இல்ல" என்றேன். யாரோ பேசுவது போல் இருந்தது.

அவர் கையை உதறிக்கொண்டார். "நல்லா இருக்குதுய்யா உன் யாவாரம்" என்று சொல்லிவிட்டு, அமீனா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்மனை வாங்கிக்கொண்டார். வாசலில் வனஜாவின் சைக்கிள் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சைக்கிள்லதான் போற வரயாம்மா? பாத்துப் போ."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து மில் லாரி நம் மண்டிப் பக்கம் வருவதில்லை. திண்டிவனத்து ஆளுக்கு விலை குறைத்துத் தள்ளுகிறேன். அது வியாபாரம், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவள் வீட்டுக்கு வருகிற சிங்கவரம் ரோட்டில் பொழுது சாய்ந்து சைக்கிள் மணி கேட்கவில்லை என்றால் என் கைகால் ஓடுவதில்லை. "பஸ்ஸுல போயேன்டி" என்றால், "அமீனா சைக்கிள்லதான் வராரு, நான் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கவா?" என்கிறாள். இது போதாதென்று அனந்தபுரம் பக்கம் இன்னொருவனுக்குச் சம்மன் இருக்கிறதாம். அவன் எப்படிப்பட்டவனோ?

வாய்தா அன்றைக்கு நானும் கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் உன் வேப்பமரத்தடியில் நின்றேன். வனஜா வேகமாக வந்தாள். மில் முதலாளியின் தம்பி மனைவியிடம் போய், "அடுத்தது உங்க பேருதாங்க. எழுந்து வாங்க, நான் கூட இருக்கேன்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். உள்ளிருந்து பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்தத் தூரத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை அக்கா. உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

திரும்பி வருகிறபோது என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னா மாமா, உன் பேரு லிஸ்ட்டுலயே இல்லியே?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

அச்சில் போடுவதற்கான இன்னொரு காரணம் இதுதான். நான் யாரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று இந்த ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல் பட்டாலும், எனக்குத் தெரியாது என்று இனி ஒருவரும் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

இந்த வேலையை விடு என்று அவளிடம் சொல்லமாட்டேன். இது உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தருகிற வாக்கு. என் பயம் போகாது, அதை எதிர்பார்க்காதே. அனந்தபுரத்துக்கு அவள் போகிற அன்றைக்கு, அவள் சைக்கிளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் விட்டு என் சைக்கிளும் போகும். பார்த்துவிட்டால் திட்டுவாள். திட்டட்டும், அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

இன்னும் பயந்துகொண்டிருக்கிற
உன் தம்பி,
கோவிந்தன்