பாலில் கரைத்த மாத்திரை

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
தையற்கடை வைத்திருப்பவள்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய சிறு உறைக்குள் வைத்திருக்கிறேன். மனுவை முழுவதும் படித்த பிறகே அதைத் திறக்க வேண்டுகிறேன்.)

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்.
(தாங்களே பிரிக்கவும். உதவியாளர்கள் பிரிக்க வேண்டாம்.)

பொருள்: வருகிற சனிக்கிழமை மாலை எங்கள் தெருக்கோடிப் பிரார்த்தனை மன்றத்தில் நடக்கவிருக்கும் 'ஒப்படைப்பு' நிகழ்ச்சியில், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் இன்சுலின் ஊசி நிறுத்தப்படுவதைத் தடுத்து, அவள் உயிரைக் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

அதிகாரி மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். தாங்கள் ஆணா பெண்ணா என்று விசாரிக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை, பிழை இருந்தால் பொறுத்தருளவும். தாங்கள் மன்றத்தின் நீலப் பட்டையை மணிக்கட்டில் கட்டியிருக்கிறீர்களா என்பதும் தெரியாது. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

1. எங்கள் மன்றத்தைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடித்துக் கெட்டவர்கள் அங்கே போய்த் திருந்தியிருக்கிறார்கள். வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு உதவியிருக்கிறார்கள். நானும் போவேன், கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் லேசாகும். கடவுள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. மன்றத்தை நடத்துபவரை எல்லோரும் 'அண்ணன்' என்று அழைப்போம். பெண்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சிகள். உறுப்பினர்கள் கையில் கட்டும் நீலப் பட்டைகளைத் தைப்பது நான்தான்.

2. சென்ற ஆண்டு அண்ணன் 'ஒப்படைப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார். கடவுளைத் தவிர வேறு எதை நம்பி வாழ்கிறோமோ, அதை மேடையிலுள்ள அண்டாவில் போட்டுவிட வேண்டும். முதலில் சிகரெட், பிறகு சீட்டுக்கட்டு, பிறகு தாயத்து. அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். பின்னர் ஒரு நாள் யாரோ மாத்திரை அட்டையைப் போட்டார்கள். கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்த வாரம் என் கணவர் எழுந்து போய்த் தம்முடைய சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் போட்டார்.

3. என் கணவர் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்பவர். முன்பு ஒருமுறை மாத்திரை விட்டுப்போய், கண் இருட்டி, வேனைச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார். அன்று வேனில் பிள்ளைகள் இல்லை. ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். அதே மாத்திரைகளை வாங்கி, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, அவர் குடிக்கும் பாலில் கரைத்துக் கொடுத்துவந்தேன். இன்று காலையும் கொடுத்தேன். தொடங்கிய புதிதில் ஒருநாள், "என்னடி பால் கசக்குது?" என்று கேட்டார். சர்க்கரை போடாத பால் அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன்.

4. அதன் பலன் நான் கனவிலும் நினைக்காதது. மாதங்கள் கழிந்தும் என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. அண்ணன் அவரை மேடையேற்றினார். "பால் கசந்துச்சு. அது என் உடம்பிலேருந்து நோய் வெளியேறின கசப்புன்னு அண்ணன் சொல்லித்தான் புரிஞ்சுது," என்று அவர் பேசியபோது மன்றமே அழுதது. நானும் அழுதேன், என்னுடைய அழுகை வேறு. அன்று முதல் அவர் 'சாட்சிக்காரர்'. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்ப் பேச வைக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பேசுவதை அவர் முழுமனதோடு நம்புகிறார். அவர் பேசி முடித்ததும் அண்டாவில் மாத்திரை விழுகிற சத்தம் கேட்கும்.

(இந்த இடத்தில் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வாசலில் ஆள் வந்ததால் தாளைத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.)

5. எதிர்வீட்டில் தச்சர் ஒருவர் தம் மகளுடன் இருக்கிறார். மகளைத் தெருவில் எல்லோரும் 'வாலு' என்போம். என்னை அத்தை என்பாள். என் மெஷினில் ஊசி உடையும் போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் வந்து போயிருப்பாள் என்று அர்த்தம். இரண்டு வருடம் முன்பு அவள் மயங்கி விழுந்தபோது, நானும் தச்சரும்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்கவில்லை, ஆயுள் முழுவதும் தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும், நிறுத்தினால் சில நாட்கள்கூடத் தாங்க மாட்டாள் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். என் கணவரின் நோய் வேறு, அவள் நோய் வேறு. அவளுக்கு எதையும் பாலில் கரைத்துக் கொடுக்க முடியாது.

6. தச்சர் கெட்டவர் இல்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பி வராதவர். அதனால் ஊசியைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. மகளுக்கு ஊசி போடும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். என் கணவரின் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் என் கடைக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் வாயால என் பொண்ணுக்கு வழி பொறந்துச்சு அக்கா," என்று கும்பிட்டார். சனிக்கிழமை மகளின் ஊசி மருந்தை அண்டாவில் போடப் போகிறாராம். அதற்கு அவளுக்கு வெள்ளை உடை தைக்க வேண்டுமாம்.

7. நேற்று வாலு அளவு கொடுக்க வந்தாள். சென்ற பிறந்த நாளுக்கு நான் தைத்த பாவாடையைத்தான் உடுத்தியிருந்தாள். இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது. வளர வேண்டிய பிள்ளைக்கு அளவு குறைந்திருக்கிறது. நாடாவை மறுபடி சுற்றிப் பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. அளவெடுத்து முடிப்பதற்குள் என் குடிநீர்ப் பானையைக் காலி செய்துவிட்டு, "இன்னும் தண்ணி இருக்கா அத்தை?" என்றாள். ஊசி போடுகிறாயா என்று கேட்டேன். "அப்பா பாதிதான் போடறாரு. பழகணுமாம்," என்றாள். மெஷினில் ஊசி உடைக்கவில்லை, எதையும் தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

8. தாங்கள் கேட்கலாம், அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. வாலு அளவு கொடுக்க வருவதற்கு முன்பே, தச்சர் வந்து கும்பிட்ட அன்றே, அவரிடம் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தேன், என் கணவர் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார் என்று. அவர் சிரித்துவிட்டு, "சாட்சிக்காரர் பொய் சொல்வாரா? உங்களைச் சந்தேகம் பிடிச்சிருக்கு அக்கா, அண்ணன்கிட்ட சொல்லி வேண்டிக்கச் சொல்றேன்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

9. மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்றத்தின் பின்னறையில் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். மருந்துக் கடையில் நிற்பவரும் மன்றத்து ஆள்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நான் என்ன வாங்கினேன், யார் பெயருக்கு வாங்கினேன் என்பதெல்லாம் முதலிலிருந்தே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "நீங்க செய்றதை நிறுத்திடாதீங்க தங்கச்சி. தொடர்ந்து செய்யுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. சாட்சி உடைஞ்சா எத்தனை பேர் மனசு உடையும்? அந்தப் பாவம் உங்க தலையிலதான்," என்று புன்னகையோடு சொன்னார். அவரும் மற்றவர்களைப் போல ஏமாந்தவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

10. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே உதாரணம் உண்டு. முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு நாள் வேடிக்கையாக, "அண்ணன் முதல்ல மூக்குக் கண்ணாடியை ஒப்படைக்கட்டும், அப்புறம் நான் கத்திரிக்கோலை ஒப்படைக்கிறேன்," என்றார். சிரித்தவர்கள்கூட மறுநாள் முதல் அவர் கடைப்படி ஏறவில்லை. அவர் பிள்ளைகளோடு யாரும் விளையாடவில்லை. ஒருநாள் காலை அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் பெயர்ந்து கிடந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இப்போது அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது. அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதும் இல்லை.

11. காவல் நிலையத்துக்கும் போனேன். எழுத்தர் பேனாவை எடுத்தபோது அவர் மணிக்கட்டில் நீலப் பட்டை இருந்தது. ஓரத்தில் இரட்டைத் தையல், என் தையல். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, கைப்பை காணாமல் போய்விட்டது என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்று மாலையே மன்றத்துத் தொண்டர் ஒருவர் கடை வாசலில் நின்று, "பை கிடைச்சிடுச்சா அக்கா?" என்று விசாரித்தார். பை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் யாராவது ஒருவர் என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தைக்கத் துணி எதுவும் கொண்டுவருவதில்லை.

12. என் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாலில் மாத்திரையைக் கரைத்தால் சாட்சி நிலைக்கும், எதிர்வீட்டுப் பிள்ளை போய்விடுவாள். கரைக்காமல் விட்டால் வேனிலுள்ள பிள்ளைகளின் கதி என்ன? தினமும் காலையில் அந்த இரண்டு கரண்டிகளைக் கையில் எடுக்கும்போது இதே கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறேன். கணவரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். என்னை அடிக்கக்கூடியவர் இல்லை அவர். ஆனால் அத்தனை ஊரில், அத்தனை பேர் முன்னால் தாம் சொன்னது பொய் என்று தெரிந்தால் அவர் என்ன செய்துகொள்வாரோ என்று பயப்படுகிறேன்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து:

அ) சனிக்கிழமைக்கு முன்பே, முடிந்தால் இந்த மனு கிடைத்த அன்றே, ஒரு டாக்டரை எதிர்வீட்டுக்கு அனுப்பி அந்தப் பிள்ளையைப் பார்க்கச் செய்ய வேண்டும். எங்கள் சுகாதார நிலையத்துச் செவிலியரை அனுப்ப வேண்டாம். அவருக்கும் பட்டை தைத்திருக்கிறேன்.

ஆ) பள்ளி வேன் ஓட்டுநர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு மருத்துவப் பரிசோதனை வைக்க வேண்டும். என் கணவரை மட்டும் தனியே அழைத்தால் புகார் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும்.

இ) ஒப்படைப்பில் மருந்து வாங்கக் கூடாது என்று மன்றத்துக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

ஈ) என் பெயர் எக்காரணத்தைக் கொண்டும் வெளியே வரக் கூடாது.

இந்த நான்காவது கோரிக்கையை எழுதிவிட்டு மனுவை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். டாக்டர் வந்து சொன்னாலும் தச்சர் கேட்கப்போவதில்லை. டாக்டர் சொன்னதை அவர் முன்பே கேட்டவர். உத்தரவு வந்தால் அண்டாவை மன்றத்தில் வைக்காமல் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் வைப்பார்கள். தச்சர் ஊசியைக் கீழே வைக்கக் காரணம் என் கணவரின் சாட்சி. அந்தச் சாட்சி எப்படி உண்டாயிற்று என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். அண்ணன் சொல்ல மாட்டார்.

ஆகையால் நான்காவது கோரிக்கையை அடித்துவிட்டதாகக் கருத வேண்டுகிறேன். உறையைத் திறந்துகொள்ளுங்கள். தாங்களோ தங்களை நம்பி வரக்கூடிய ஒருவரோ பக்கத்தில் நின்றால், தச்சர் முன்னாலும், என் கணவர் முன்னாலும், தேவையானால் மேடையிலும் நான் சொல்கிறேன். மாத்திரையின் காலி அட்டைகளை இணைத்திருக்கிறேன். அந்த இரண்டு கரண்டிகளையும் கொண்டுவருவேன். கணவருக்குத் தெரியாமல் மருந்து கொடுத்தது குற்றமானால் அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக நின்று சொல்ல மட்டும் என்னால் முடியாது.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு கட்டுப் பட்டை வாங்கிப் போனார்கள். யார் யாருக்கு என்று சொல்லவில்லை, மணிக்கட்டு அளவு மட்டும் சொன்னார்கள். அதில் ஒன்று தங்கள் கையில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால், மனுவை மன்றத்துக்கு அனுப்புவதற்கு முன் அதைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள், இரட்டைத் தையல் இருக்கும். அதைத் தைத்த கைதான் அந்த மாத்திரைகளை நசுக்கியது. அற்புதம் என்று தாங்கள் கேள்விப்பட்டது அவ்வளவுதான்.

வெள்ளை உடையை நான் இன்னும் வெட்டவில்லை. துணி மேசை மேல் இருக்கிறது. வெட்ட வேண்டாம் என்று யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

இடம்: என் தையற்கடை, கதவைச் சாத்திக்கொண்டு.
நாள்: புதன்கிழமை.

தங்களை நம்பும்,
(ஒப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
வாலுவின் அத்தை.

இணைப்பு: காலி மாத்திரை அட்டைகள், நீலப் பட்டை ஒன்று, ஒட்டிய உறை ஒன்று.